மணிப்பெயர்களும் மொழிபெயர்ப்பும்: அருமணிகளுக்கு நிகரன் காணும் முறை குறித்த ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

தில்லி லோதி ரோட்டின் நிறுவனப் பகுதியில் ஸ்கோப் வளாகம் அமைந்துள்ளது. 1963இல் நிறுவப்பெற்ற எம்.எம்.டி.சி. என்னும் நடுவணரசு வாணிக நிறுவனத்தின் தலைமையகம் இவ்வளாகத்தில் இடம்பெற்றது. கனிமம், உலோகம் ஆகியவற்றோடு பொன், வெள்ளி, மணி, அணிகலன் ஆகியவற்றின் வாணிகத்திலும் அந்நிறுவனம் ஈடுபட்டது. அதே வட்டாரத்தில், லோதி எஸ்டேட்டில், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று உள்ளது. வாணிக நிறுவனம் மணிகளைச் சுங்கப் பட்டியலின் எண்களால் அறியும். தமிழ் பயிலும் மாணவர் அவற்றைச் சிலப்பதிகாரத்தின் மதுரைக் கடைவீதி வழியாக அறிவர். இருவரும் குறிப்பிடுவன ஒரே கற்கள்தாமா என்னும் வினா மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியதாகும்.

உலக நாடுகள் சுங்கத்திற்கெனக் கையாளும் பொதுப் பட்டியலில் 71ஆம் அதிகாரம் மணிகளுக்குரியது. 7101 முத்தையும், 7102 வைரத்தையும், 7103 ஏனைய இயற்கை மணிகளையும், 7104 செயற்கை மணிகளையும் குறிக்கும். பட்டை தீட்டப்பெற்ற இயற்கை மணிகளுள் மாணிக்கம், நீலம், மரகதம் ஆகிய மூன்று மட்டுமே 7103.91 என்னும் உட்பிரிவில் பெயர் சுட்டப்பெறுகின்றன. எஞ்சிய அனைத்தும் 7103.99 என்னும் உட்பிரிவில் ‘மற்றவை’ என அடங்கிவிடுகின்றன. நவமணிகளுள் ஒன்றாகிய பவளமோ பண்படுத்தப்பெறாத நிலையில் சிப்பி, ஓடு முதலியவற்றோடு 0508இல் சேர்கின்றது. ஆக, தமிழ் மரபு ஒரே கோவையில் வைத்த ஒன்பது மணிகள் ஆட்சிமொழியில் ஐந்து வெவ்வேறு இடங்களுக்குச் சிதறியுள்ளன.

இவ்விரு பகுப்புகளுக்கும் இடையில் நின்று பணிபுரியும் மொழிபெயர்ப்பாளருக்கு இருமொழி அகராதிகள் தரும் உதவி பெரும்பாலும் ‘இது = அது’ என்னும் நேர்ச்சமன்பாடேயாகும். பரவலாக அறியப்பெற்ற மணிகளில் இச்சமன்பாடு ஓரளவு பயன்படும். அதிகம் அறியப்படாத மணிகளில் அது பெரிதும் வழி தவறச் செய்கின்றது. இச்சமன்பாட்டு முறையின் குறைகளை மதிப்பிடுவதும், தமிழ்ச் சொல்வளத்திற்குள்ளேயே மாற்று வழி உண்டெனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயரிடும் நெறிகள் இரண்டு

இந்திய மணிநூல் மரபு மணியைத் தோற்றத்தால் வகைப்படுத்துகின்றது. நிறம், ஒளி, தெளிவு, எடை, குற்றம், கிடைக்கும் இடம் ஆகியவை அதன் அளவுகோல்கள். நீலம் என்னும் பெயரில் நிறமும், சூரியகாந்தம் என்னும் பெயரில் செயலும் அடங்கியுள்ளன. இன்றைய கனிமவியலோ சேர்மத்தையும் படிக அமைப்பையும் அடிப்படையாகக் கொள்கின்றது. அதன் நோக்கில் மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம். இரண்டும் அலுமினியம் ஆக்சைடே. சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பும், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமும் தோன்றுகின்றன.

முதல் நெறியைப் பழமையின் அறியாமை எனக் கொள்வது பொருந்தாது. ஐரோப்பிய மொழிகளிலும் நிலைமை இதுவே. சஃபையர் என்னும் பெயரின் மூலமாகிய கிரேக்கச் சொல் முற்காலத்தில் இன்று லாபிஸ் லசூலி எனப்படும் கல்லையே குறித்தது என்பர். டோப்பாஸ் என்னும் பெயரும் முன்னர்ச் செங்கடல் தீவொன்றில் கிடைத்த பச்சைக் கல்லாகிய பெரிடாட்டைக் குறித்தது. சிவப்பு நிற ஸ்பைனலும் மாணிக்கமும் வெவ்வேறு கனிமங்கள் என்பது 1783இல்தான் தெளிவுற்றது. இங்கிலாந்து அரசமுடியில் ‘கருப்பு இளவரசரின் மாணிக்கம்’ எனப் பெயர் பெற்றுப் பதிக்கப்பட்டுள்ள கல் ஸ்பைனலே. அறிவியல் பெயரை மாற்றியது. மரபோ பழைய பெயரை விடவில்லை.

எனவே மணிப்பெயர் எதுவாயினும் அதற்குக் காலம் உண்டு, துறை உண்டு. அவ்விரண்டையும் நீக்கிவிட்டு நிகரன் காண முயலும்போது பிழை தோன்றுகின்றது.

3. சிலப்பதிகாரப் பகுதியும் அதன் வாசிப்பும்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடை வீதியை விரிவாக வருணிக்கின்றது. வைரத்திற்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்கு குற்றங்கள் கூறப்பெறுகின்றன. மாணிக்கத்தில் பதுமம், நீலம், விந்தம், படிதம் என நான்கு சாதிகள் சுட்டப்பெறுகின்றன. இங்கு நீலம் என்பது மாணிக்கத்தின் ஒரு சாதிக்குப் பெயராக வருவது கருதத்தக்கது. நீல மணியோ, பெயர் கூறப்பெறாது, இருளைத் தெளிய வைத்தாற் போன்றது என்னும் உவமையால் தனியே குறிக்கப்பெறுகின்றது. ஒரே பகுதிக்குள் ஒரு சொல் ஒன்றற்கும் அது பெரிதும் உணர்த்தும் பொருள் மற்றொன்றற்கும் உரியதாக நிற்கும்போது, அகராதியின் ஒற்றை நிகரனைக் கொண்டு மொழிபெயர்ப்பவர் இடர்ப்படுவது இயல்பே.

அடுத்து வரும் மணிகளும் இவ்வாறே பெயரின்றிப் பண்பால் உணர்த்தப்பெறுகின்றன. பூச மீனையும் தெளிந்த பொன்னையும் ஒத்தது புட்பராகம் என்றும், ஞாயிற்றின் ஒளியும் தெளிந்த தேனின் நிறமும் உடையது வைடூரியம் என்றும், இரு நிறம் விரவியது கோமேதகம் என்றும் உரை மரபு பெயர் தந்து விளக்குகின்றது. அதாவது இளங்கோவடிகள் கண்ணுக்குப் புலனாவதைக் கூறினார். உரையாசிரியர்கள் பெயரைச் சேர்த்தனர். பிற்கால மொழிபெயர்ப்பாளர் பண்பை விடுத்துப் பெயரை மட்டும் கொண்டு, அப்பெயருக்கு ஆங்கில நிகரனை இடும்போது மூலத்தில் இல்லாத ஒன்று மொழிபெயர்ப்பில் நுழைகின்றது. மூலத்தில் உள்ள ஒளியும் நிறமும் வெளியேறுகின்றன.

இப்பகுதியின் இறுதியில் மாணிக்கம், புட்பராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் ஆகிய ஐந்தும் ஒரே தோற்றமும் ஐந்து வேறு அழகும் உடையவை எனப் பொருள்படும் தொடர் உள்ளது. இதனைக் கொண்டு, குருந்தக்கல் பல நிறங்களில் தோன்றும் என்னும் அறிவியல் உண்மையை முன்னோர் அறிந்திருந்தனர் என வாதிடத் தோன்றும். மாணிக்கமும் நீலமும் குருந்தக்கல் வகையினவே. இன்றைய கடைவழக்கில் புட்பராகம் எனப்படும் மஞ்சள் கல்லும் அவ்வகையினதே. ஆயினும் தேன்நிறமும் ஒளிக்கதிரும் உடைய வைடூரியம் இன்றைய வழக்கின்படி கிரைசோபெரில் என்னும் வேறு கனிமம். கோமேதகம் இன்றைய கடையில் கார்னெட் இனத்தைச் சார்ந்த ஹெஸ்ஸனைட். ஐந்தனுள் மூன்று பொருந்தி இரண்டு பொருந்தாதபோது அவ்வாதம் நிலைபெறாது.

அத்தொடருக்கு மரபுக்குள்ளேயே வேறு விளக்கம் காணவியலும். வலன் என்னும் அசுரனின் உடலுறுப்புகளே பல்வகை மணிகளாயின என்பது இந்திய மணிநூல்களில் பரவலாக வழங்கும் கதை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலமும் இதனைக் கூறும். ஓருடலில் பிறந்த பல மணிகள் என்னும் கருத்து இக்கதையோடு இயைந்து நிற்கின்றது. பழைய நூலை அறிவியலுக்கு முன்னோடியாக்கும் ஆர்வமும், அதனை அறியாமை எனத் தள்ளும் போக்கும் ஒரே பிழையின் இரு பக்கங்களாம். இரண்டும் நூலை அதன் சொந்தப் பகுப்பினுள் வைத்து வாசிக்கத் தவறுகின்றன.

4. வைடூரியம்: ஒரு சொல்லின் பயணம்

நேர்ச்சமன்பாட்டு முறையின் குறையைத் தெளிவாகக் காட்டும் சொல் வைடூரியம். பாணினியின் இலக்கணம் (4.3.84) இச்சொல்லை விதூரம் என்னும் இடப்பெயரிலிருந்து வருவிக்கின்றது. மகாபாடியம் இயற்றிய பதஞ்சலி இங்கு ஒரு தடையை எழுப்புகின்றார். அக்கல் பிறப்பது வாலவாயம் என்னும் மலையில். விதூரத்தில் அது பண்படுத்தப்பெறுகின்றது. அவ்வாறாயின் விதூரத்தின் பெயர் அதற்கு எவ்வாறு உரியதாகும் என்பதே அத்தடை. பிறந்த இடத்தின் பெயரையன்றித் தீட்டப்பெற்ற இடத்தின் பெயரை மணி பெறுதல் பண்டும் நிகழ்ந்ததென இதனால் அறியலாம்.

இச்சொல்லின் பிராகிருத வடிவம் வெருலிய, வேளுரிய என வழங்கியது. அதன் மூலம் திராவிடமாகலாம் என்றும், வேளூர் அல்லது பேலூர் என்னும் ஊர்ப்பெயரோடு தொடர்புடையதாகலாம் என்றும் அறிஞர் சிலர் கருதுவர். அவ்வடிவத்திலிருந்தே கிரேக்கச் சொல்லும், அதன் வழியாக ஆங்கிலப் பெரிலும் வந்தன. மூக்குக் கண்ணாடியைக் குறிக்கும் பிரில்லே என்னும் ஜெர்மானியச் சொல்லும் இக்குடும்பத்ததே. சீனத்திற்குப் பௌத்தத்தோடு சென்ற இச்சொல் லியூலி என மாறி, நாளடைவில் நிறக்கண்ணாடியைக் குறித்தது. மருத்துவ புத்தரின் வைடூரிய ஒளியை ஆங்கில மொழிபெயர்ப்பாளர் பலர் லாபிஸ் லசூலியின் ஒளி என்றனர். தமிழிலோ வைடூரியம் பூனைக்கண் போன்ற ஒளிக்கோடு உடைய கல். ஒரு சொல், நான்கு பொருள்கள்.

இவற்றுள் எது சரி என வினவுவது பயனற்றது. எந்நூலில், எக்காலத்தில் என்பதே வினாவாதல் வேண்டும். அருத்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணம் வைடூரிய வகைகளைப் பட்டியலிடுகின்றது. நெய்தல் நிறம், வாகைப்பூ நிறம், நீர் நிறம், மூங்கிலிலை நிறம், கிளிச்சிறகு நிறம் என்பன அவற்றுட் சில. நீர் நிறமும் பச்சையும் பெரில் இனத்திற்கு இயல்பானவை. நீர் நிறப் பெரிலே இன்று அக்வாமரின் என வழங்குகின்றது. அப்பட்டியலின் இறுதியில் புஷ்யராகம், கோமேதகம் ஆகிய பெயர்களும் வைடூரிய வகைகளாகவே வருகின்றன. சிலப்பதிகார உரைமரபில் இவை மூன்றும் தனித்தனி மணிகள். ஒரு காலத்தில் ஒன்றன் நிறவகைகளைக் குறித்த பெயர்கள் பின்னர்த் தனி மணிகளின் பெயர்களாகப் பிரிந்தன எனலாம். எனவே அருத்தசாத்திரத்தை மொழிபெயர்ப்பவர் வைடூரியத்தைப் பெரில் எனல் பொருந்தும். சிலப்பதிகாரத்தை மொழிபெயர்ப்பவர் அவ்வாறு எழுதின் தேனின் நிறம் பொருளற்றதாகிவிடும்.

5. செயலால் பெயர்பெற்றவை

சூரியகாந்தம், சந்திரகாந்தம் என்னும் இரு பெயர்கள் மற்றொரு வகைச் சிக்கலைத் தருகின்றன. சூரியகாந்தம் கதிரவன் ஒளிபட்டு நெருப்பை உமிழும் கல்லென இலக்கியங்கள் கூறும். ஒளியைக் குவித்துப் பஞ்சை எரிக்கும் தெளிந்த படிகத்தின் செயல் இது. சந்திரகாந்தம் நிலவொளியில் நீர் கசியும் எனக் கூறப்பெறும், இது கவிமரபு.

ஆங்கிலத்தில் ‘சூரியக்கல்’ எனப் பொருள்படும் பெயரைத் தாங்கிய கல் ஒன்று உண்டு. அது ஃபெல்ஸ்பார் இனத்தது. அதனுள் படிந்துள்ள நுண்தகடுகள் ஒளியைச் சிதறச் செய்வதால் மின்னுகின்றது. அது ஒளியைக் குவிக்காது, நெருப்பை எழுப்பாது. பெயரின் உறுப்புகள் ஒத்திருப்பதைக் கொண்டு சூரியகாந்தத்தை அக்கல்லாக மொழிபெயர்ப்பின், உவமையின் அடிப்படையே சிதைந்துவிடும். தலைவனைக் கண்டு உள்ளம் கனலும் நிலைக்குச் சூரியகாந்தம் உவமையாகும் இடத்தில், மின்னும் கல் ஒன்று நிற்பதால் பயனில்லை. இங்குப் ‘எரிபடிகம்’ எனப் பொருள்படும் விளக்கத் தொடரே நூலுக்கு நேர்மையானதாகும்.

சந்திரகாந்தத்தில் நிலைமை சற்று வேறானது. இன்று அப்பெயரால் விற்கப்பெறுவதும் ஃபெல்ஸ்பார் இனத்ததே. இரு வகை ஃபெல்ஸ்பார்கள் மெல்லிய அடுக்குகளாக அமைந்து ஒளியைச் சிதறச் செய்வதால் நிலவு போன்ற மங்கிய ஒளி மிதப்பதாகத் தோன்றும். பெயர் புதிய பொருளைப் பெற்று நிலைத்துவிட்டது. வாணிக உரையில் அதனை ஏற்கலாம். காப்பிய உரையில் ஏற்பதற்கு முன் சூழலை நோக்குதல் வேண்டும்.

6. சென்று திரும்பிய சொற்கள்

தமிழ்நிலத்திலும் ஈழத்திலும் வழங்கிய சொற்கள் சில ஐரோப்பிய அறிவியலில் கலைச்சொற்களாயின. கொரண்டம் என்னும் கனிமப்பெயர் குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்ததென ஆங்கில அகராதிகளே கூறுகின்றன. வடமொழிக் குருவிந்தம் இதனோடு தொடர்புடையது. 1798இல் சார்லஸ் கிரெவில் ஆசியாவின் இக்கல்லைப் பற்றி இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். சாணைக்கல்லாக உழைத்த ஒரு பொருளின் தமிழ்ப்பெயர் மாணிக்கத்திற்கும் நீலத்திற்கும் பொதுவான இனப்பெயராக உலகெங்கும் ஏற்கப்பட்டது. ஆயினும் தமிழ்ப் பாடநூல்களும் செய்திகளும் அதனைக் ‘கொரண்டம்’, ‘கோரண்டம்’ என ஒலிபெயர்த்து வழங்கக் காண்கிறோம்.

இவ்விழப்பு வெறும் மொழிப்பற்றுச் சார்ந்ததன்று. கனிமவியலில் சஃபையர் என்பது சிவப்பு நீங்கிய எல்லாக் குருந்தக்கற்களுக்கும் பொதுப்பெயர். தமிழில் அதற்கு நீலம் என நிகரன் தரப்பெறுகின்றது. அதன் விளைவாக மஞ்சள் நிறச் சஃபையர் ‘மஞ்சள் நீலம்’ என்றும், நிறமற்றது ‘வெள்ளை நீலம்’ என்றும் மொழிபெயர்க்கப்பெறுகின்றன. நீலம் என்பது தமிழில் நிறப்பெயரும் ஆதலின் இத்தொடர்கள் முரண்படுகின்றன. குருந்தம் என்னும் இனப்பெயரை மீட்டெடுத்தால் மஞ்சள் குருந்தம், வெண்குருந்தம், பச்சைக் குருந்தம் எனத் தடையின்றி எழுதவியலும். குருந்து என்னும் மரப்பெயரோடு மயங்கும் இடங்களில் குருந்தக்கல் எனலாம். நிகரன் இல்லை என்று கருதப்பெற்ற இடத்தில் தேவைப்பட்ட சொல் தமிழிலிருந்தே கடன் போயிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பதுமராகம் என்னும் சொல்லின் வரலாறு இதனினும் சிக்கலானது. வடமொழியிலும் தமிழிலும் அது மாணிக்கத்தைக் குறித்தது. இலங்கையில் கிடைக்கும் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த அரிய குருந்தக்கல் அச்சொல்லின் சிங்கள வழக்கிலிருந்து பெயர் பெற்று, ஜெர்மானிய எழுத்துமுறையில் ‘பட்பரட்ஷா’ என உலகச் சந்தையை அடைந்தது. அதனைத் தமிழில் பதுமராகம் என மீட்டெழுதின் வாசகர் மாணிக்கம் எனக் கொள்வர். மூலச்சொல்லை மீட்பது எவ்விடத்தும் நன்மை தரும் என்பதற்கில்லை. பொருள் பிரிந்துவிட்ட இவ்விடத்தில் ‘பட்பரட்ஷாக் குருந்தம்’ என ஒலிபெயர்ப்பையும் இனப்பெயரையும் இணைத்து எழுதுவதே தெளிவு தரும்.

டூர்மலின் என்பதும் தோரமல்லி என்னும் சிங்களச் சொல்லின் திரிபு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் வழியாக அது ஐரோப்பாவை அடைந்தது. இலங்கை வழக்கில் அது குறிப்பிட்ட ஒரு கனிமத்தின் பெயராக இருக்கவில்லை. ஐரோப்பியர் அதனை ஒரு கனிமத்திற்கு வரையறுத்தனர். சொல் கடன் பெறப்படும்போது பொருளின் எல்லை சுருங்குதல் மொழியியலார் அறிந்ததே.

7. கொங்குநாட்டுக் கற்களும் பெயரின்மையும்

நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனச் சுட்டப்பெறும் ஊராகக் கருதப்பெறுகின்றது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் பெரில், நீலம், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம் முதலிய கற்களும், அவற்றை மணிகளாக்கிய தொழிலின் எச்சங்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அண்மையிலுள்ள படியூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் பெரில் அகழ்ந்தனர். காங்கயம், கரூர் வட்டாரங்கள் இன்றும் சந்திரகாந்தம், அக்வாமரின், ஐயோலைட் ஆகியவற்றிற்கு அறியப்பெற்றவை. சித்தம்பூண்டி குருந்தக்கல்லுக்குப் பெயர் பெற்றது.

இவற்றுள் ஐயோலைட்டின் நிலை ஆராயத்தக்கது. இக்கல்லை ஒரு திசையில் நோக்கினால் கருநீலமும், மற்றொரு திசையில் வெளிர்நீலமும், வேறொரு திசையில் இளமஞ்சளும் தோன்றும். தமிழ்நாட்டு மண்ணிலேயே கிடைப்பினும் இதற்குப் பரவலாக வழங்கும் தமிழ்ப்பெயர் இல்லை. உலகச் சந்தையில் இதற்கு ‘நீர்ச் சஃபையர்’ எனப் பொருள்படும் பெயரும் உண்டு.

இரசரத்தினசமுச்சயம் என்னும் வடநூல் நீலமணியை இந்திரநீலம், சலநீலம் என இரண்டாகப் பகுக்கின்றது. இந்திரநீலம் கனமானது, சலநீலம் இலேசானது என்பது அப்பகுப்பின் ஒரு கூறு. நீலக் குருந்தத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 4.0, ஐயோலைட்டின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.6. கையில் ஏந்தியே வேறுபாட்டை உணரவியலும். இதனைக் கொண்டு சலநீலம் ஐயோலைட்டே என முடிவு கட்டுதல் கூடாது. எடை குறைந்த பிற நீலநிறக் கற்களும் அப்பெயருக்குள் அடங்கியிருக்கக்கூடும். எனினும் கலைச்சொல் ஆக்குவோர்க்கு இங்கு ஒரு முன்மாதிரி கிடைக்கின்றது. ‘நீர்நீலம்’ என்பது ஆங்கிலத்தின் நிழலாக அமையாமல், மரபின் பகுப்பு ஒன்றனோடு இயைந்து நிற்கும். கல்லின் அடையாளத்தை உறுதிசெய்வது வேறு. சொல்லின் வார்ப்பை மரபிலிருந்து பெறுவது வேறு. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும்.

8. ஆட்பெயரும் இடப்பெயரும் தாங்கியவை

அரிய மணிகள் பலவும் மனிதரின் அல்லது இடத்தின் பெயரைத் தாங்கியவை. பகலொளியில் பச்சையாகவும் விளக்கொளியில் சிவப்பாகவும் தோன்றும் அலெக்சாண்டிரைட் உருசியப் பேரரசர் ஒருவரின் பெயரைப் பெற்றது. 1967இல் கண்டறியப்பெற்ற தான்சானைட் நாட்டின் பெயரைத் தாங்கியது. 1945இல் ரிச்சர்டு டாஃபி என்பார், தீட்டப்பெற்ற கற்களினிடையே ஸ்பைனல் எனக் கருதப்பெற்ற ஒன்றன் இரட்டை ஒளிவிலகலைக் கண்டு ஐயுற்றார். அதுவே டாஃபியைட். பழுப்புநிறப் பெரிடாட் எனக் கருதப்பெற்று வந்த இலங்கைக் கல் 1952இல் தனிக் கனிமம் என நிறுவப்பெற்றுச் சின்ஹலைட் எனப் பெயரிடப்பட்டது. எக்கனைட் என்பது அதனைக் கண்டெடுத்த எக்கநாயக்க என்பாரின் பெயரிலிருந்து அமைந்தது.

இத்தகைய பெயர்களைத் தமிழாக்கம் செய்ய முனைவது வேண்டாத முயற்சி. பெயரே அக்கல்லின் கண்டுபிடிப்பு வரலாறாக நிற்கின்றது. ஒலிபெயர்ப்பே இங்கு நேர்மையான மொழிபெயர்ப்பாகும். ஆயினும் ஒலிபெயர்ப்பின் பின் ஓர் இனச்சொல் சேர்தல் நலம். அலெக்சாண்டிரைட் கிரைசோபெரில் இனத்தது. ஆதலின் கனிமத்தால் வைடூரியத்திற்கு உறவினது. இவ்வுறவைச் சுட்டினால் வாசகருக்கு அறிமுகமற்ற கல் அறிமுகமான ஒன்றனோடு இணைந்துவிடும்.

9. கடைவழக்கும் பொறுப்பும்

நூல்வழக்கோடு கடைவழக்கையும் கருதாமல் மணிப்பெயர் ஆய்வு முழுமை பெறாது. நகைத்தொழிலாளரிடம் சிவப்புக் கல் ‘கெம்பு’, மரகதம் ‘பச்சை’. கெம்பு என்பது நிறத்தால் அமைந்த பெயர்; சிவப்பு என்னும் பொருளில் கன்னடத்தில் வழங்குவது. நாகர்கோவில் வடசேரியில் செய்யப்பெறும் கோயில் நகைகளில் பதிக்கப்பெறும் கெம்பு எல்லாம் மாணிக்கமன்று. செயற்கைக் கல்லும் கண்ணாடியும் அப்பெயர் பெறும். தொழிலாளரும் வாங்குவோரும் இதனை அறிவர், ஏமாற்று இல்லை. ஆனால் ‘கெம்பு’ என்பதை ஆங்கில விலைச்சீட்டில் ரூபி என மொழிபெயர்த்த அளவில் அது கனிமத்தைப் பற்றிய உறுதிமொழியாகிவிடுகின்றது.

புட்பராகத்தில் இது மேலும் கூர்மையடைகின்றது. அகராதிகள் அதற்குப் பெரும்பாலும் டோப்பாஸ் என நிகரன் தருகின்றன. இராசிக்கல் விற்கும் கடைகளிலோ புட்பராகம் எனின் மஞ்சள் குருந்தம். இரண்டும் வேறு கனிமங்கள். மோ அளவையில் டோப்பாஸின் கடினம் 8, குருந்தத்தின் கடினம் 9. விலையிலும் பெருத்த வேறுபாடு உண்டு. ஒப்பந்தம் ஒன்றையோ நுகர்வோர் வழக்கு ஒன்றையோ மொழிபெயர்ப்பவர் அகராதியை நம்பினால் விற்றவர் டோப்பாஸ் தருவதாக ஒப்பியதாகிவிடும். வாங்கியவரின் முறையீடு வலுவிழக்கும். இதற்கு மறுதலையாக, ஆங்கில மூலத்தின் டோப்பாஸைப் புட்பராகம் என எழுதினால் விற்பவர் சொல்லாத ஒன்றைச் சொன்னவராகிவிடுவார். வைடூரியமும் இவ்வாறே. கிரைசோபெரில், குவார்ட்ஸ் இரண்டிலும் பூனைக்கண் ஒளிக்கோடு தோன்றும். உள்ளே இணையாகச் செறிந்த ஊசி போன்ற இழைகளே அதற்குக் காரணம். ஒளிக்கோட்டை மட்டும் கூறும் பெயர் இரண்டுக்கும் பொருந்தும், விலையோ பொருந்தாது.

விலை மிக்க சிலவற்றின் நீங்கிய கற்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பொதுப்பெயரைத் தமிழில் ‘பகுதி விலைமதிப்புள்ள கற்கள்’ என எழுதுவதும் மறு ஆய்வுக்குரியது. விலையைப் பாதியாக்கும் கணக்கு எதுவும் அப்பெயரில் இல்லை. மரபில் உபரத்தினம் என்னும் சொல் உளது. துணைமணி எனவும் ஆக்கலாம். அரிய அலெக்சாண்டிரைட் ஒன்று எளிய மாணிக்கத்தினும் பன்மடங்கு விலைபெறும் ஆதலின், விலையை அளவுகோலாகக் கொண்ட பெயரினும் வரிசையை அளவுகோலாகக் கொண்ட பெயரே ஏற்புடையது.

குற்றங்களைக் குறிக்கும் சொற்களும் கருதத்தக்கவை. வைரத் தரச்சான்றில் உள்வெடிப்பு ஒன்றற்கு ஆங்கிலத்தில் இறகு எனப் பொருள்படும் பெயர் வழங்குகின்றது. அதனை ‘இறகு’ என்றே பெயர்த்தெழுதுவோர் உளர். காகபாதம், ஏகை ஆகிய சொற்கள் அதே குற்றங்களைத்தாம் குறித்தன என உறுதி கூற இயலாதாயினும், வடிவத்தால் குற்றத்திற்குப் பெயரிடும் முறை தமிழுக்குப் புதிதன்று என்பதை அவை காட்டுகின்றன. கீற்று, வெடிப்பு, புள்ளி முதலிய எளிய சொற்களே அங்குப் போதுமானவை.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். காப்பியத்திலும் சாத்திரத்திலும் வரும் மணிப்பெயர் அந்நூலின் பகுப்பினுள் வைத்துப் பொருள் கொள்ளப்பெறுதல் வேண்டும்; மூலம் பண்பைக் கூறும் இடத்தில் மொழிபெயர்ப்பும் பண்பையே கூறல் வேண்டும். சட்டம், வாணிகம், அறிவியல் ஆகியவற்றில் கனிம இனப்பெயர் முதன்மை பெறுதல் வேண்டும். மரபுப்பெயர் அதனுடன் துணையாக நிற்கலாம். குருந்தம் போன்று பொருள் மாறாத சொற்களை மீட்கலாம். பதுமராகம் போன்று பொருள் பிரிந்தவற்றை மீட்பது மயக்கத்தையே தரும். ஆட்பெயர், இடப்பெயர் தாங்கியவற்றை ஒலிபெயர்த்து இனம் சுட்டுதல் போதும்.

இருமொழி அகராதிகளில் இப்பெயர்களுக்கு எதிரே ஒற்றை நிகரன் இடும் வழக்கம் கைவிடப்பெறுதல் நன்று. நூல்வழக்கு, கடைவழக்கு, கனிமவியல் வழக்கு என மூன்று நிரல்கள் தரப்பெறின் வைடூரியம், கோமேதகம், புட்பராகம் ஆகியவற்றில் இன்று நிலவும் குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கும். சுங்கப் பட்டியலுக்கு அருமணிகளை ‘மற்றவை’ எனத் தொகுத்துக் கடந்து செல்வது போதுமானதாகலாம். மொழிபெயர்ப்பாளருக்கு அது போதாது. அவர் ஒவ்வொரு கல்லையும் அதன் பெயரால் அழைத்தாக வேண்டியவர்.